உதவி: வீட்டில் செய்த வாசனைப் பவுடர் கட்டிபடுகிறது, மணமும் நிற்கவில்லை

உப்புவெளி அம்மா:
வணக்கம். கடைப் பவுடர் மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கழுத்து தடித்துவிடுகிறது. அதனால் நானே செய்யத் தொடங்கினேன். 100 கிராம் கூவை மா, முற்றத்து மல்லிகையை நிழலில் காயவைத்து அரைத்தது, ஒரு மேசைக்கரண்டி சந்தனத்தூள், கடைசியில் கறுவா எண்ணெயும் எலுமிச்சை எண்ணெயும் கொஞ்சம்.

எண்ணெய் விழுந்த இடமெல்லாம் மிளகளவு உருண்டை. மல்லிகை மணம் துளியும் இல்லை, வைக்கோல் மணம்தான். எலுமிச்சை அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. மாரி தொடங்கியதிலிருந்து போத்தலைத் திறந்தால் ஈர மண் வாடை வேறு. மணம் நிற்கக் குறிப்புகள் எல்லாம் ஓரிஸ் வேர் போடச் சொல்கின்றன. அதற்குத் திருகோணமலையில் எங்கே போவது?

கோணேசபுரி மாணவன்:
அக்கா, முதலில் கறுவா எண்ணெயை நிறுத்துங்கள். கறிக்குப் போடுகிற பட்டைதானே என்று தோன்றும். ஆனால் பட்டை எண்ணெயில் பெரும்பகுதி சின்னமால்டிஹைட் என்ற இரசாயனம், நல்ல தோலையே எரிக்கும். ஏற்கெனவே தடிக்கிற கழுத்துக்கு வேண்டவே வேண்டாம். தோலைப் பிழிந்து எடுத்த எலுமிச்சை எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனாலும் தோல் கருத்துப் புண்ணாகலாம். நிலாவெளி வெயில் தெரியும்தானே. மகளுக்கு எண்ணெய் எதுவும் இல்லாத பவுடர் போதும். அதையும் கையின் உட்பக்கத்தில் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டு, தடிப்பு நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். மண் வாடை அடிப்பது பூஞ்சணம். அந்தப் போத்தலைக் கொட்டிவிடுங்கள், வெயிலில் போட்டுச் சரிப்படுத்தப் பார்க்க வேண்டாம்.

தம்பலகாமம் பெரியம்மா:
பிள்ளை, மல்லிகை காய்ந்தால் மணக்காது, நீ எப்படிக் காயவைத்தாலும் அப்படித்தான். காய்ந்தும் மணக்கிற பூ வேண்டுமென்றால் மகிழம்பூ. பொறுக்கிக் காயவைத்துப் பெட்டகத்துத் துணிக்குள் போட்டால் மாதக்கணக்கில் மணக்கும், அரைத்தும் சேர்க்கலாம்.

மல்லிகைதான் வேண்டுமா? அரைக்காதே, மாவுக்கு மணத்தை ஊட்டு. பின்னேரம் விரியப்போகிற மொட்டாகப் பறி, ஈரம் இருந்தால் துணியில் ஒற்று. அகலத் தட்டில் மாவை விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே பழைய வேட்டித் துண்டு, அதன் மேல் மொட்டு, மூடி. இரவு முழுக்க மொட்டு விரிந்து மணத்தை விடும், மா குடித்துக்கொள்ளும். விடியப் பூவை எடுத்துவிடு. வாடிய பூ கிடந்தால் புளித்த வாடை ஏறும். மாவை மின்விசிறிக்குக் கீழே ஆறவிட்டு, மறுநாள் புதுப் பூ. மணம் ஏறும்வரை இப்படியே. பூவோடு ஈரமும் வரும், அதனால் இது வறண்ட கச்சான் காற்றுக் காலத்து வேலை. மாரியில் தொடங்காதே.

வெட்டிவேர் விசிறி:
ஓரிஸ் என்பது ஐரிஸ் செடியின் கிழங்கு. வருடக்கணக்கில் உலரவைத்த பிறகுதான் மணமே வரும், விலையும் அதற்கேற்ப. அதைத் தேடி அலைய வேண்டாம். மணத்தைப் பிடித்து வைக்க நம் வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு தாராளம். ஆயுர்வேத மருந்துச் சரக்குக் கடையில் கேளுங்கள். 100 கிராம் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். எலுமிச்சை போன்றவை எப்படியும் சீக்கிரம் பறக்கிற மணங்கள், தனியாக நிற்கவே நிற்காது. மலிவுச் சந்தனத்தூளையும் நம்ப வேண்டாம், பாதிக்கு மேல் வெறும் மரத்தூள் என்பது என் கணிப்பு.

கட்டிக்குக் காரணம், எண்ணெயை முழு மாவிலும் நேரே விடுவது. உங்களுக்கென்று செய்யும்போது 100 கிராமுக்கு 20 சொட்டைத் தாண்டாமல், ஒரு கரண்டி மாவில் மட்டும் விட்டு அம்மியிலோ உரலிலோ தேயுங்கள். அது உலர்ந்த தூளானதும் மீதி மாவோடு கலந்து அரிதட்டில் அரியுங்கள். மாவை முதலே இளஞ்சூட்டில் நிறம் மாறாமல் வறுத்து, நன்றாக ஆறவிடவும் வேண்டும்.

உப்புவெளி அம்மா:
நன்றி, பழையதைக் கொட்டியாச்சு. வெட்டிவேரை மிக்ஸியில் போட்டேன், தும்புதான் வருகிறது. அப்படியே கலந்தால் தோல் அரிக்காதா?

வெட்டிவேர் விசிறி:
அரிக்கும். முதலில் கத்தரிக்கோலால் நகக்கண் அளவுக்கு நறுக்கி, மொறுமொறுவென்று காயவைத்து அரையுங்கள். அரிதட்டு போதாது, பருத்தித் துணியில் சலியுங்கள். மிஞ்சும் தும்பை எறிய வேண்டாம், சிறு பையில் கட்டி அலுமாரியில் போடுங்கள்.

தம்பலகாமம் பெரியம்மா:
மகளுக்குப் பூசும்போது உள்ளங்கையில் எடுத்துப் பூசு, பிள்ளை. முகத்துக்கு நேரே தட்டாதே, எந்த மாவானாலும் மூச்சுக்குள் போகக்கூடாது.