சிங்கப்பூர் டார்மெட்ரியில் 2020-ஐ ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தம்பி கிளம்புகிறான்

கேள்வி: அக்கா_ஒருத்தி

என் தம்பி அடுத்த மாதம் சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்குப் போகிறான். பெர்மிட் வந்துவிட்டது. தங்குவது டார்மெட்ரிதான், அதாவது தொழிலாளர் விடுதி. அம்மாவுக்கு ஒரே பயம். மறுபடி கொரோனா மாதிரி ஏதாவது வந்தால் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்களே என்கிறார். அடைத்து வைத்திருந்த நாட்களில் சம்பளம் வந்ததா? காய்ச்சல் வந்தவர்களை என்ன செய்தார்கள்? உள்ளே இருந்தவர்கள் சொன்னால் நல்லது. யூடியூப் கதைகள் நிறையக் கேட்டாயிற்று.

பதில்: கம்பிக்காரன்

நான் கம்பி கட்டுகிறவன், தங்கச்சி. அப்போது ஒரு பெரிய டார்மெட்ரியில் இருந்தேன், பெயர் வேண்டாம். 2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோல் எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் இரண்டையும் தனிமைப்படுத்தினார்கள். இரண்டிலும் சேர்த்து கிட்டத்தட்ட 20,000 பேர். அடுத்தது நாம்தான் என்று அன்று ராத்திரியே பேசிக்கொண்டோம். அந்த மாதமே எங்கள் கேட்டும் மூடியது.

அறைக்குப் பன்னிரண்டு பேர், இரண்டடுக்குக் கட்டில். ஒரு மீட்டர் தள்ளியிருங்கள் என்று ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மேல்கட்டிலும் கீழ்க்கட்டிலும் எங்கே தள்ளியிருப்பது? பொதுச் சமையற்கட்டைப் பூட்டிவிட்டு மூன்று வேளையும் பொட்டலம் கொடுத்தார்கள். ருசியை விடு, பட்டினி இல்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு ஆள் ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் வரி லெவி. அரசாங்கம் முதலாளிகளுக்கு ஏப்ரல், மே மாத லெவியைத் தள்ளுபடி செய்தது. அதோடு, கட்டியிருந்த லெவியிலிருந்து மாதம் ஆளுக்கு 750 சிங்கப்பூர் வெள்ளி திருப்பியும் கொடுத்தது. தொழிலாளியைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அது. எங்கள் கம்பெனி அடிப்படைச் சம்பளம் போட்டது. ஆனால் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலைக் காசு, இல்லை. ‘அதான் சம்பளம் வந்ததே’ என்று வெளியே இருப்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எங்களில் பாதிப் பேர் வீட்டுக்கு அனுப்புவதே ஓ.டி. காசைத்தான். அடிப்படையை வட்டி தின்றுவிடும்.

என் அறையில் ஒரு புதுப் பையன். கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வந்தவன். காய்ச்சலும் இருமலும் வந்தும் வாயைத் திறக்கவில்லை. ஆளை எடுத்துப் போய்விட்டால் பெர்மிட் கேன்சல் ஆகிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். போர்வைக்குள் இருமுவான். நாங்கள்தான் சொல்லி டெஸ்டுக்கு அனுப்பினோம். பாசிட்டிவ். எக்ஸ்போ மண்டபத்தில் வைத்திருந்து, குணமான பிறகு ஒரு கப்பலில் தங்க வைத்தார்கள். காசு வாங்கவில்லை, பெர்மிட்டும் போகவில்லை. நோயைவிடக் கடன்தான் அவனை ஆட்டிவைத்தது. அம்மாவிடம் இதைச் சொல்: பயப்பட வேண்டியது தம்பி எவ்வளவு கடனோடு விமானம் ஏறுகிறான் என்பதற்கு.

நோய் எவ்வளவு பரவியது என்று கேட்டால், விடுதிகளில் இருந்த 3,23,000 பேரில் 47 சதவீதம் பேருக்கு வந்து போயிருக்கிறது என்று டிசம்பரில் அரசாங்கமே சொன்னது. பெரும்பாலோருக்கு ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான், எப்போது வந்தது என்றே தெரியாது.

பொழுது? போன்தான். ஆனால் நாள் முழுக்க வீட்டுக்கு வீடியோ கால் போட்டால் இரண்டு பக்கமும் பயம் ஏறும். ராத்திரி ஒரு நேரம் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் அறையில் ஒரு மூத்தவர், தன் போனில் இருந்த டிராயிங்குகளை வைத்துக் கம்பி ஷெட்யூல் (எந்தக் கம்பி, எத்தனை, எந்த அளவு என்ற பட்டியல்) படிக்கச் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கு எனக்குச் சோறு போடுவது அந்தப் பாடம்தான்.

பதில்: சேஃப்டி_மாமா

கம்பிக்காரன் தம்பிக்கு நல்ல கம்பெனி அமைந்திருக்கிறது. எல்லோருக்கும் அப்படி இல்லை. எங்கள் சைட்டில் ஒரு சப்-கான் (துணை ஒப்பந்தக்காரர்) ஆட்களுக்குப் பாதிச் சம்பளம்கூட ஒழுங்காக வரவில்லை.

இன்னொன்று, அடைப்பு இரண்டு மாதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊர் மக்களுக்கு சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊரடங்கு ஜூன் 1-ஓடு முடிந்தது. எங்களுக்கு ஆகஸ்டு வரை விடுதி விடுதியாக டெஸ்ட். அதற்குப் பிறகும் சைட், டார்மெட்ரி, பதினான்கு நாளுக்கு ஒரு ஸ்வாப் டெஸ்ட், அவ்வளவுதான் வாழ்க்கை. 2021 செப்டம்பரில் லிட்டில் இந்தியாவுக்கு வாரத்துக்கு 500 பேர் வரை போய்வரலாம் என்று ஒரு சோதனை முயற்சி தொடங்கினார்கள். வெளியே போக அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற விதியைப் பெரும்பாலும் தளர்த்தியது 2022 ஜூனில். நோய் வந்தபோது திடமாக இருந்தவர்கள் இந்த இழுவையில்தான் மனசு விட்டுப்போனார்கள். ஹெல்த்சர்வ் மாதிரி அமைப்புகள் கவுன்சலிங் கொடுத்தன. கூச்சப்படாமல் பேசியவர்கள் தேறினார்கள்.

பதில்: கம்பிக்காரன்

மாமா சொல்வது சரி. இரண்டாவது வருஷம்தான் கொடுமை.

அக்கா_ஒருத்தி

அண்ணா, மாமா, ரொம்ப நன்றி. கடன் விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை, தம்பியிடம் கேட்டேன். பதிலே இல்லை! கிளம்பும் முன் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்: கம்பிக்காரன்

பதில் இல்லையென்றால் தொகை பெரிசு. உட்கார வைத்துக் கேள்.

ஐ.பி.ஏ. கடிதம், அதாவது பெர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம், தமிழிலும் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்கு. அடிப்படைச் சம்பளம், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையும் அதுவும் ஒன்றா பார். போட்டோ எடுத்து உன் போனிலும் வை. லெவியைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சம்பளம் பேங்கில் வர வேண்டும் என்று சொல்லச் சொல், அப்போதுதான் கணக்கு நிற்கும்.

பதில்: சேஃப்டி_மாமா

சம்பளப் பாக்கி என்றால் சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் டி.ஏ.டி.எம். அமைப்பில் புகார் கொடுக்கலாம். வேலையில் இருந்தால் ஒரு வருஷத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள். ‘கடைசியில் சேர்த்துத் தருகிறேன்’ என்று இழுப்பது இந்தக் கெடு தாண்டத்தான்.

எந்த டார்மெட்ரி என்றும் கேட்கச் சொல். 2021 செப்டம்பரில் வந்த விதிப்படி, புதிதாகக் கட்டுவதில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, அறையோடு சேர்ந்த பாத்ரூமும் வேண்டும். பழைய விடுதிகளை இடைக்காலத் தரத்துக்கு மாற்ற 2030 வரையும், இந்தப் புது விதிக்கு முழுதாக மாற்ற 2040 வரையும் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் தம்பிக்குப் பழையது கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.