திரெட்டுக்குப் பெயர் வைப்பது வெட்டி வேலையா?

பாளைக்காரன்: அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி ஆலைக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம் நேற்று மதியம் திணறியது. லினக்ஸ் பெட்டி. திரெட்டுகளை, அதாவது ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் கிளைகளை, வரிக்கு ஒன்றாகக் காட்டும் 'டாப் -ஹெச்' கட்டளையை ஆலைத் தம்பியை போனிலேயே அடிக்கச் சொன்னேன். பதினோரு வரி, பதினொன்றிலும் ஒரே பெயர் (நாம் வைக்காவிட்டால் உருவாக்கிய திரெட்டின் பெயர்தானே வரும்), ஒன்று மட்டும் 99 சதவீதம் சிபியு தின்கிறது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால், பேப்பர் தீர்ந்த பிரிண்டரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த திரெட்! பெயர் இருந்திருந்தால் தம்பியே வாசித்துச் சொல்லியிருப்பான்.

ஜங்ஷன்_மணி: கோபப்படாதீங்க அண்ணாச்சி, தப்பு பெயரில் இல்லை, ஸ்லீப் (இடையில் சற்று ஓய்வு) இல்லாமல் சுற்றிய லூப்பில். பிழை தேடும் கருவியான ஜிடிபியை மாட்டி பேக்டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) எடுத்தால் ஃபங்ஷன் பெயரே காட்டிக் கொடுக்கும். எங்கள் சர்வரில் திரெட் பூல், வருகிற வேலையை மாற்றி மாற்றிச் செய்யும் திரெட் கூட்டம். ஒரே திரெட் இப்போது லாகின் பார்க்கும், அடுத்த நொடி ரிப்போர்ட் போடும், அதற்கு என்ன பெயர் வைக்க? லாகில் (புரோகிராம் எழுதும் பதிவில்) ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு ரிக்வெஸ்ட் எண் போடுங்க, போதும்.

பாளைக்காரன்: லூப் என் தப்புதான். ஆனால் ஆலையில் ஜிடிபி யார் ஓட்டுவது தம்பி? சிம்பல் உரித்த பைனரி வேறு, ஃபங்ஷன் பெயர்களே அதில் இல்லை. உங்கள் ஜாவாவிலும் 'பூல்-1-திரெட்-3' என்று விடாமல் திரெட்டை உருவாக்கித் தரும் திரெட் ஃபேக்டரி கொடுத்து 'ரிப்போர்ட்-3' என்று வைத்தால், ஜேஸ்டாக் (ஜாவா திரெட்டுகளைப் பட்டியலிடும் கருவி) எடுத்ததும் எந்தப் பூல் அடைத்துக் கிடக்கிறது என்றாவது தெரியுமே.

அல்வாப்பிரியை: ஒன்றை விட்டுவிட்டீர்கள். லினக்ஸில் பெயருக்கு 15 பைட்தான் இடம். அதற்கு மேல் கொடுத்தால் பெயர் வைக்கும் ஃபங்ஷனான பித்ரெட்_செட்நேம்_என்பி பிழை தந்துவிட்டுப் பழைய பெயரையே வைத்திருக்கும். ரிட்டர்ன் மதிப்பை யார் பார்க்கிறோம்? பிஆர்சிடிஎல் என்ற இன்னொரு வழியாக வைத்தால் சத்தமில்லாமல் வெட்டும். 'பில்லிங்-பிரிண்டர்-1', '-2' என்று ஆங்கில எழுத்தில் வையுங்கள், கடைசி எண் போய் இரண்டும் ஒன்றாகிவிடும். விளையாட்டுக்குத் தமிழிலும் வைத்துப் பார்த்தேன், எழுத்து, புள்ளி, துணைக்கால் என்று குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'அல்வா' சரியாக 15, உள்ளே போய்விட்டது. 'நெல்லை' 18, ஊர் பெயருக்கு இடமில்லை :)

ஜங்ஷன்_மணி: இதைத்தான் சொல்கிறேன். போன வருஷம் எங்கள் ஆபீஸில் ஒருவர் 'பேக்கப்' கோடைக் காப்பி அடித்து மெயில் அனுப்பும் திரெட் எழுதினார், பெயரை மாற்றவில்லை. இரண்டு நாள் பேக்கப்பையே குடைந்துகொண்டிருந்தோம். பெயரே இல்லாவிட்டால் நேரே பேக்டிரேஸுக்குப் போயிருப்போம்.

பாளைக்காரன்: காப்பி அடித்தவரை விட்டுவிட்டுப் பெயரை ஏன் திட்ட? லாகில் ரிக்வெஸ்ட் எண்ணைத் தப்பாகப் போட்டாலும் இதே கதைதான்.

ஜங்ஷன்_மணி: சரி அண்ணாச்சி, பூலுக்கு மட்டும் வைக்கிறேன். உள்ளே ஓடும் வேலைக்கு என் ரிக்வெஸ்ட் எண்தான்.

பாளைக்காரன்: வையுங்க. முதலில் பைட்டை எண்ணிக்கோங்க.