பாட்டே இல்லாத படமும் கட்டிலுக்கடியில் சென்ற கேமராவும்

பழைய படங்களை அவற்றின் பாடல்கள் வழியாகவே முதலில் அறிந்துகொண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். வெள்ளிக்கிழமை மாலைகளில் தூர்தர்ஷனின் ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சியில் ‘சொன்னது நீதானா’ ஒலிக்கத் தொடங்கினால், பி. சுசீலாவின் குரலுக்காகவே எங்கள் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பாடலின் முழுக் கனமும், ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை பார்த்தபோதுதான் எனக்குப் புலப்பட்டது. புற்றுநோயுடன் மருத்துவமனையில் படுத்திருக்கும் கணவன், தனக்குச் சிகிச்சை அளிக்கும் டாக்டர் தன் மனைவியின் முன்னாள் காதலர் என்பதை அறிந்து, ஒருவேளை தான் இறந்துவிட்டால் அவரையே மணந்துகொள்ளும்படி மனைவியிடம் சொல்கிறான். நொறுங்கிப்போன அவள் அவனுக்குத் தரும் பதில்தான் கண்ணதாசன் எழுதிய அந்தப் பாடல். முத்துராமனும் தேவிகாவும் கல்யாண்குமாரும் நடித்த அந்த மூன்று பாத்திரங்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்பதே படத்தின் துயரத்தைத் தாங்க முடியாததாக ஆக்குகிறது.

ஏறக்குறைய முழுப் படமும் ஒரே மருத்துவமனை செட்டுக்குள் நடக்கிறது. படப்பிடிப்பும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்டது. இடத்துக்கு இருந்த அந்த நெருக்கடியையே ஒளிப்பதிவாளர் வின்சென்ட் பலமாக மாற்றிக்கொண்டார். பாடலின் நடுவே கேமரா நோயாளியின் கட்டிலுக்கு அடியில் புகுந்து செல்லும் அந்த நகர்வைக் கவனித்த நாளிலிருந்து, பாடல் காட்சிகளை நான் பார்க்கும் முறையே மாறிவிட்டது. கணவனையும் மனைவியையும் பிரித்து நிற்பது அந்தக் கட்டில் ஒன்றுதான் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது அந்த நகர்வு. அடுத்த ஆண்டே ஸ்ரீதர் இக்கதையை இந்தியிலும் எடுத்தார் என்றாலும், என் மனம் தமிழ் வடிவத்தை விட்டு நகர்வதில்லை.

பாடலால் என்னைக் கட்டிப்போட்ட படம் இது என்றால், பாடலே இல்லாமல் கட்டிப்போட்ட படம் ‘அந்த நாள்’ (1954). கல்லூரிக் காலத்தில் ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில் அதைப் பார்த்தேன். 1943 அக்டோபர் 11 அன்று சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நிகழ்வைப் பின்னணியாகக் கொண்ட கதை அது. படம் தொடங்கிய சில நொடிகளிலேயே கதாநாயகன் சிவாஜி கணேசன் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து சாய்கிறார். அதன் பிறகு, துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் வேறொருவர் கொலையாளியாகத் தோன்றுகிறார். படத்தின் திரைக்கதை வசனமும் ஜாவர் சீதாராமனுடையதே. கொலையாளி யார் என்பதை இங்கே எழுத மாட்டேன். இன்னும் பார்க்காத ஒருவருக்கு அந்த அனுபவம் முழுமையாகக் கிடைக்க வேண்டும்.

இடைவேளையின்போது என் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த பெரியவர், சிறுவனாக இருந்தபோது அப்படம் வெளியான சமயத்தில் பார்த்ததாகச் சொன்னார். அப்போது கொட்டகையில் இருந்தவர்கள் ‘பாட்டு எப்போது வரும்?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். ஒரு படத்துக்குப் பல பாடல்கள் இருந்தாக வேண்டும் என்று கருதப்பட்ட காலத்தில், பாடலும் நடனமும் சண்டையும் இல்லாத படத்தை ஏவி.எம். நிறுவனம் தயாரித்ததும், ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகளில், புகழின் வாசலில் நின்ற சிவாஜி ஒரு தேசத்துரோகியாக நடிக்க முன்வந்ததும் இன்றும் என்னை வியக்க வைக்கின்றன. இவற்றைவிட வியப்பானது, படத்தை இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர் என்பது. வாழ்நாளெல்லாம் நாதத்தில் திளைத்த கலைஞர், தம் படத்துக்குப் பாடல் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார். எங்கே இசைக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்த ஒருவரால்தான் அது இயலும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் புகழாதவர் இல்லை. நானோ அதைப் பார்க்கும்போதெல்லாம் டி.எஸ். பாலையாவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பேன். அதிகம் பேசாமல், கேட்பவனின் அச்சத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும் அந்த நடிப்பு இல்லையென்றால் நாகேஷின் கதை அந்தரத்தில் நின்றிருக்கும். அக்காட்சியைக் கைப்பேசியில் தனியாகப் பார்ப்பதற்கும், ஒரு கூடம் நிறைய மனிதர்கள் ஒன்றாகச் சிரிக்கும்போது பார்ப்பதற்கும் எவ்வளவோ வேறுபாடு இருக்கிறது.

அதனால்தான், 2012 மார்ச் மாதத்தில் ‘கர்ணன்’ (1964) டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தபோது நான் அவ்வளவு மகிழ்ந்தேன். முதல் வெளியீட்டில் பார்த்த தாத்தாக்களும் அவர்கள் பேரப்பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தார்கள். சீர்காழி கோவிந்தராஜனின் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ அரங்கை நிறைத்தபோது எனக்கு முன் வரிசையில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். சென்னையில் நூறு நாட்களைக் கடந்தும் அப்படம் ஓடியது. வண்ணப் பிரம்மாண்டம் ஒன்றுக்குக் கிடைத்த அந்தப் பராமரிப்பு, வின்சென்ட்டின் கறுப்பு வெள்ளை நிழல்களுக்கும் பாலசந்தரின் பாட்டில்லாப் படத்துக்கும் கிடைக்க வேண்டும். கீறல் விழுந்த பிரதிகளையும், காட்சிகள் வெட்டப்பட்ட தொலைக்காட்சி ஒளிபரப்புகளையும் பார்த்தே பழகிய என்னைப் போன்றவர்கள் அந்தத் திரையிடலுக்கு முதல் நாளே வந்து நிற்பார்கள்.