புற்றியல்பை ஒடுக்கலா, அடக்கலா?

அன்பின் தம்பிக்கு,

ஒரு புற்றுக் கலத்தை (செல்லை) வேறொரு கலத்தோடு இணைக்கும்போது அதன் புற்றியல்பு வெளிப்படாமல் போவதைச் சொல்லும் suppression of malignancy என்பதற்கு, ‘புற்று ஒடுக்கம்’ என்று நீங்கள் தந்த சொல்லை இங்கே களுவாஞ்சிகுடியில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் உடனே ஒடுக்கற்பிரிவுதான் ஞாபகத்துக்கு வரும். நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) பாதியாகும் கலப்பிரிவுக்கு அந்தச் சொல் எப்போதோ போய்விட்டது, நிறமூர்த்தம் பற்றியே பேசும் இன்னோர் இடத்தில் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். malignant tumour என்பதற்கு இணையத்தில் கிடக்கும் ‘வீரியம் மிக்க கட்டி’யும் வேண்டாம், வீரியம் என்பது விதைக்கும் மருந்துக்கும் நாங்கள் நல்லதாகச் சொல்வது.

1969இல் ஹென்றி ஹரிஸ், ஜோர்ஜ் க்ளைன் முதலான ஆய்வாளர்கள் எலியின் புற்றுக் கலங்களை, கட்டி உண்டாக்கும் திறன் குறைந்த கலங்களோடு இணைத்துப் பார்த்தார்கள். இணைந்த கலங்கள் எலியில் பெரும்பாலும் கட்டி உண்டாக்கவில்லை. ஆனால் சில நிறமூர்த்தங்களை இழந்ததும் புற்றியல்பு மறுபடி தலைதூக்கியது. அதாவது அது உள்ளேயே கிடந்திருக்கிறது. ஆகவே ‘நீக்கம்’, ‘அழிப்பு’ இரண்டும் சரிவராது.

அக்கா சொன்ன ‘பெருக்கத் தடை’யிலும் எனக்கு உடன்பாடில்லை. இதுதான் முக்கியமான இடம்: வளர்ப்புத் தட்டில் இந்த இணைந்த கலங்கள் தாராளமாகப் பெருகுகின்றன, உயிருள்ள விலங்குக்குள் போனபிறகுதான் அடங்குகின்றன. ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் மனிதப் புற்றுக் கலமான ஹீலாவை, கெரற்றின் என்னும் புரதத்தை உண்டாக்கும் தோல் கலத்தோடு இணைத்து, நோயெதிர்ப்புக் குன்றிய எலிக்குள் செலுத்தினால், அது கட்டியாக வளராமல் தோல் கலம் போலவே கெரற்றின் உண்டாக்கத் தொடங்குகிறது. நார் இழையக் கலத்தோடு இணைத்தவற்றில் கொலாஜன் என்னும் புரதம் படிவதை ஹரிஸ் காட்டினார். சாதாரண பெற்றோர்க் கலத்தின் வியத்தம் (differentiation, ஒரு கலம் குறித்த வேலைக்கெனத் தனித்தன்மை பெறுவது) திரும்பி வருவதால்தான் புற்றியல்பு அடங்குகிறது என்பது அவருடைய வாதம். அந்த ‘வியத்தம்’ அப்படியே இருக்கட்டும். ‘வேறுபாடு’ என்று மாற்றினால், இரண்டு கலங்களுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கும் சாதாரண வசனமே குழம்பிவிடும்.

எனவே என் முன்மொழிவு ‘புற்றியல்பு அடக்கல்’. ‘அடக்கம்’ என்று முடிக்காதீர்கள், மட்டக்களப்பில் எந்த மரண அறிவித்தலைப் பார்த்தாலும் நல்லடக்கம் என்று இருக்கும். இதிலிருந்தே tumour suppressor gene என்பதற்கு ‘புற்றடக்கிப் பரம்பரையலகு’ என்ற சொல்லையும் எடுக்கலாம். 1986இல் எரிக் ஸ்டான்பிரிட்ஜ் குழுவினர் 11ஆம் நிறமூர்த்தம் ஒன்றை மட்டும் செலுத்தி ஹீலாவின் கட்டி உண்டாக்கும் திறனை அடக்கியதைச் சொல்லவும் அது உதவும்.

அப்புறம், இப்படி இணைந்த கலத்துக்கு (hybrid cell) ‘கலப்பிறப்புக் கலம்’ என்பது எனக்கு ஒப்பவில்லை. இவை இனங்கலந்து பிறந்தவை அல்ல, செயலிழக்கச் செய்த சென்டாய் வைரசைக் கொண்டு ஒட்டவைத்தவை. ‘இணைகலம்’ போதாதா?