அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் போட்ட பரிசு: எடுக்கிறவங்க, அடிக்கிறவங்க அனுபவம்

பாளை மதினி:
மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது. மாமா அத்தை ரெண்டு பேரையும் வீட்டுல வச்சே எடுத்து, பெரிசா ஃபிரேம் போட்டு ஒண்ணு, பேரப்பிள்ளைகளுக்குக் கப்புல அடிச்சது சிலது. இதான் திட்டம். கையில போன்தான் இருக்கு. பழகினவங்க விவரமாச் சொல்லுங்க.

டவுன் தார்சா:
மதினி, பட்டாசலுக்குள்ள (வீட்டு உள்கூடம்) உட்கார வச்சு டியூப் லைட்டைப் போட்டுராதீங்க. பழைய வீடுன்னா தார்சாவை (வாசல் பக்கத் தாழ்வாரம்) போல இடம் கிடையாது. மேல கூரை உச்சி வெயிலை மறைச்சிரும், வெளிச்சம் ஒரே திசையிலருந்து மெதுவா வரும். வெயில் நேரா விழாத நேரமாப் பாருங்க. கிழக்குப் பாத்த வீடுன்னா மத்தியானம் 3 மணிக்கு மேல, மேற்குப் பாத்த வீடுன்னா காலையில. வெளிச்சம் வர்ற விளிம்பிலருந்து 3, 4 அடி உள்ள தள்ளி, கொஞ்சம் சாய்வா உட்கார வைங்க. பின்சுவர் முதுகுக்கு 5 அடியாவது தள்ளி இருக்கட்டும். இருட்டுப் பக்கக் கன்னத்துக்கு ஒரு வெள்ளைத் தெர்மாக்கோல் அட்டையைப் படத்துல விழாத மாதிரி ரெண்டடித் தள்ளிப் பிடிச்சாப் போதும். புது வீடுன்னா பெரிய ஜன்னல் பக்கத்துல இதே கணக்கு. உள்ளே எரியிற விளக்கு எல்லாத்தையும் அணைச்சிருங்க. இல்லன்னா ஒரு கன்னம் நீலமாவும் மத்தது மஞ்சளாவும் வந்து நிக்கும், அதைப் பிறகு திருத்துறது பெரிய பாடு.

தரையை யாரும் கவனிக்கிறதே இல்லை. நம்ம வீடுகள்ல செவப்புச் சிமெண்டுத் தரை. அதுல பட்டுத் திரும்புற வெளிச்சம் தாடைக்கு அடியிலயும் மூக்குக்குக் கீழயும் செவப்பை அடிக்கும். ஒரு வெள்ளை வேட்டியை நாலா மடிச்சுக் காலடியில விரிங்க, போயிரும். தேரிக்காட்டுச் செம்மண்ல நின்னாலும் இதே கதைதான். வயக்காட்டு வரப்புல நின்னாப் பச்சை அடிக்கும்.

தூரம்தான் முகத்தை முகமாக் காட்டும். போனோட சாதா கேமரா 24, 26 மி.மீ. அகலக் கோணம். ரெண்டடியில நின்னு எடுத்தா மூக்கு பெருத்து, காது பின்னால போயிரும். லென்ஸ் மேல குத்தமில்லை, கிட்ட நிக்கிறதுதான் காரணம். 6, 7 அடி தள்ளி நின்னு 2 மடங்கு வச்சு எடுங்க. 3 மடங்குக்குத் தனி லென்ஸ் உள்ள போனா இருந்தா இன்னும் நல்லது, 9 அடிக்குப் போங்க. பின்னணியை மங்கலாக்குற போர்ட்ரெய்ட் மோட் போட்டா அந்த மங்கலைக் குறைச்சு வைங்க. கூட்டினா ஜிமிக்கியையும் தலையில வச்ச பூச்சரத்தையும் பாதி தின்னுரும்.

கேமரா கிடைச்சா: சென்சார் (உள்ள படம் பதியிற சில்லு) சின்னதுன்னா 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம்ங்கிற பெரிய சென்சார்ன்னா 85 மி.மீ. ரெண்டு பேருக்கு லென்ஸ் திறப்பு எஃப் 4, வேகம் 1/160 நொடி. எஃப் 1.8-ல வச்சா மாமா கண்ணு தெளிவா இருக்கும், ஒரு சாண் பின்னால இருக்கிற அத்தை கலங்கிருவாங்க.

அம்பை அண்ணாச்சி:
தார்சாக்காரர் சொன்னது எல்லாம் சரி. நான் முகத்தைப் பத்திச் சொல்லுதேன். போன்ல பியூட்டி மோடு எங்க இருக்குன்னு தேடிப் பூச்சியமாக்குங்க. நம்ம ஆள்கள் நிறத்தை அது வெளுத்துக் காட்டி, சுருக்கத்தை எல்லாம் தேச்சு எடுத்துரும். அறுபது வருசம் இருந்த முகம் பரிசுல இல்லாமப் போனா அந்தப் பரிசு எதுக்கு?

மாமா வெள்ளை வேட்டி சட்டையில இருப்பாவ. வெள்ளை நிறைய இருந்தா போன் வெளிச்சத்தைக் குறைச்சு முகத்தைக் கறுக்க வச்சிரும். கன்னத்தை ஒட்டித் திரையில விரலை அமுக்கிப் பிடிங்க, வெளிச்ச அளவு அங்கேயே பூட்டிக்கிடும். பிறகு பக்கத்துல வர்ற சூரியக் குறியை மெல்லக் கீழ இறக்குங்க, சட்டை மடிப்புத் தெரியுற வரைக்கும். அந்த இடத்துல நிறுத்தி எடுங்க. வெள்ளை வெந்து போச்சுன்னா திரும்ப வராது, முகத்துல கொஞ்சம் இருட்டு இருந்தா பிறகு ஏத்திக்கிடலாம்.

வேர்வைக்குப் பவுடர் போடாதீங்க, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். ஈரத் துண்டால ஒத்தி, காஞ்ச துண்டால மறுபடி ஒத்துங்க. கண்ணாடி போட்டிருக்கவுகளுக்கு, காது மேல இருக்கிற காம்பை ஒரு நூல் தூக்கி விட்டா கண்ணாடி முன்னால சாஞ்சு பளபளப்புக் கீழ போயிரும். கழட்டச் சொல்லாதீங்க, வேற ஆளாயிருவாவ.

‘சிரிங்க’ன்னா நம்ம பெரியவுக தோளை இறுக்கிக்கிட்டு, வெறைப்பா உட்கார்ந்துருவாவ. கல்யாணத்தன்னைக்குப் பந்தியில என்ன பரிமாறினாங்கன்னு அத்தைகிட்ட கேளுங்க. அவிய சொல்லுறதை மாமா மறுப்பாவ. பேசும்போது எடுத்தா வாய் கோணும். பேசி முடிச்ச அந்த ஒரு நொடி இருக்கு பாருங்க, அப்போ தொடர்ச்சியா 8, 10 படம் தட்டுங்க. கேமரா உயரம் அவிய கண்ணுக்கு நேரா. நின்னுக்கிட்டு எடுத்தா நெத்திதான் பெரிசாத் தெரியும்.

தென்காசி பிரிண்ட்:
கடைக்கு வர்ற படங்கள்ல பாதி வாட்ஸாப்ல வந்தே கெட்டுப் போகுது. சாதாரணமா அனுப்பினா நீளப் பக்கம் 1600 புள்ளி (பிக்சல்) அளவுக்குச் சுருக்கிரும். 4×6 இஞ்சுக்கு அது போதும், சுவர்ல மாட்டுற படத்துக்குப் போதாது. ‘டாக்குமெண்ட்’டா அனுப்புங்க, இல்ல பென் டிரைவ்ல கொண்டு வாங்க.

அளவு: 12×18 இஞ்சுக்கு 3600×2400 புள்ளி இருந்தா ரெண்டு மூணு அடி தள்ளிப் பார்க்கத் தெளிவா இருக்கும். சில போன்ல 2 மடங்குங்கிறது படத்தோட நடுவை மட்டும் வெட்டி எடுக்கிறதுதான். 12 மெகாபிக்சல்ல நிசமா மிஞ்சுறது 3தான், அதுக்கு 8×12-க்கு மேல போகாதீங்க. 48, 50 மெகாபிக்சல் சென்சார்ன்னா பயமில்லை.

இன்னொண்ணு, தலை வெட்டுப்படுற புகார். போன் படம் 4-க்கு 3. பிரிண்ட் தாள் 3-க்கு 2. 6 இஞ்சு அகலத்துக்கு வச்சா உயரம் நாலரை வரும், தாள்ல 4தான் இருக்கு, அரை இஞ்சு போயாகணும். படுக்கைவாட்டுல எடுக்கும்போதே தலைக்கு மேல இடம் விடுங்க. போன் திரை பின்னாலருந்து எரியுது, தாள் எரியாது. அதனால திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைச்சு வச்சுப் படத்தைப் பாருங்க. அப்போ இருட்டாத் தெரிஞ்சா கொஞ்சம் ஏத்திட்டுக் கொடுங்க.

கப்பு: 11 அவுன்ஸ் வெள்ளைக் கப்பு, பாலிமர் பூச்சு உள்ளதா இருக்கணும். சப்ளிமேஷன் மை சூட்டுல ஆவியாகி அந்தப் பூச்சுக்குள்ள போய் உட்காரும். கடையில வாங்குற சாதாப் பீங்கான்ல பிடிக்காது. படத்தைக் கண்ணாடிப் பிம்பமாத் திருப்பி, 20×8.5 செ.மீ. பட்டையா அடிச்சு, சூடு தாங்குற டேப்பால இழுத்து ஒட்டி, 180-லருந்து 200 டிகிரியில ரெண்டரை, மூணு நிமிசம். மெஷினுக்கு மெஷின் மாறும். முடிஞ்சதும் சூட்டோடயே தாளை ஒரே இழுப்புல எடுக்கணும், நகர்ந்தா இரட்டை நிழல் விழும். முகம் பழுப்பா வந்தா சூடு கூடுதல், வெளிறி வந்தா அழுத்தமோ சூடோ குறைச்சல். சாரல் நாள்ல தாள் ஈரம் இழுத்துப் புள்ளி புள்ளியா வரும், ஒட்டுறதுக்கு முன்ன தாளைக் கொஞ்சம் சூடு காட்டுவோம்.

முகத்தைப் பட்டையோட நடுவுல வைக்கச் சொல்லாதீங்க மதினி. கைப்பிடிக்கு நேரெதிர்ல போயிரும், குடிக்கிற பிள்ளைக்குத் தெரியாது. ரெண்டு ஓரத்துலருந்தும் மூன்றரை செ.மீ. தள்ளி ஒவ்வொரு முகத்தோட மையம் வந்தா, எந்தக் கையால பிடிச்சாலும் தாத்தாவோ ஆச்சியோ தெரிவாங்க. பருத்திச் சட்டையில இந்த முறை நிக்காது, ரெண்டு துவைப்புல போயிரும்.

சேரன்மாதேவி அக்கா:
ஃபிரேம்ல படம் கண்ணாடியைத் தொடவே கூடாது. ஈரக் காத்து உள்ள போனா ஒட்டிக்கிடும். நடுவுல ரெண்டு இஞ்சு அகலத்துக்கு மவுண்ட் போர்டு (படத்தைச் சுத்தி வைக்கிற கெட்டி அட்டை) வைக்கச் சொல்லுங்க. படத்தை மேல் விளிம்புல மட்டும் ரெண்டு இடத்துல டேப் போட்டுத் தொங்க விடணும். முதுகு முழுக்கப் பசை தடவினா மழைக்காலத்துல அலை அலையா எழும்பும். பின்னால நாலு மூலையிலும் ரப்பர் குமிழ் ஒட்டினா சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல காத்து ஓடும், கரையான் ஏறினாலும் கண்ணுல படும்.

இன்னும் நாள் இருந்தா ஒரு யோசனை. பத்தமடையில மாப்பிள்ளை பொண்ணு பேரை நெய்து கல்யாணப் பாய் போடுவாங்கல்லா, அறுபதாம் கல்யாணத்துக்கும் சொல்லலாம். பட்டுப்பாய்க்குக் கோரையைச் சன்னமாக் கிழிச்சு நெய்யணும், நாளாகும். இப்பவே சொல்லி வைங்க. எழுத்தைத் தாள்ல எழுதிக் கொடுங்க, வாயால சொன்னா ‘ள’ ‘ல’ மாறிரும். படத்தோட சேர்த்து மாட்ட நினைச்சா பாய்த்துண்டு படத்தைத் தொடாம இருக்கட்டும், கோரை ஈரம் இழுக்கும்.

பாளை மதினி:
எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டேன். மாமாவோட அம்மா படம் ஒண்ணு இருக்கு, கறுப்பு வெள்ளை. கண்ணாடியோட ஒட்டிக்கிடுச்சு. அதையும் பக்கத்துல வைக்கணும்.

டவுன் தார்சா:
பிய்க்கவே பிய்க்காதீங்க மதினி. படத்து மேல இருக்கிற ஜெலட்டின் ஈரத்துல இளகிக் கண்ணாடியில பிடிச்சிருக்கும், இழுத்தா முகம் கண்ணாடியோட வந்துரும். கண்ணாடியை வெளிப்பக்கம் மட்டும் துடைச்சு, அப்படியே ஸ்கேனர்ல 600 டிபிஐ-ல (இஞ்சுக்கு 600 புள்ளி) எடுங்க. ஸ்கேனர் இல்லன்னா நிழல்ல சாய்ச்சு வச்சு, ஒரு கறுப்புத் துணியில போன் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டுத் துணியை முன்னால பிடிச்சு எடுங்க, உங்க பிம்பம் விழாது.

கலர் ஏத்துற, தெளிவாக்குற செயலி எதுல போட்டாலும் காதைப் பெரிசாக்கிப் பாருங்க. பாம்படம் (காதுல தொங்குற கனத்த நகை) போட்ட ஆச்சிமார் படத்துல, தொங்குற காதையும் பாம்படத்தையும் அது சேர்த்துக் குழப்பி ஏதோ வளையமாக்கிரும். கண்ணையும் தன் போக்குக்கு மாத்தி வரைஞ்சு வைக்கும். கீறல், கறை மட்டும் கையால எடுத்து, கறுப்பு வெள்ளையாவே அடிங்க. மாமா அத்தை படத்தையும் அதே அகல மவுண்ட்ல போட்டா ரெண்டும் ஒண்ணா நிக்கும்.