தண்டையார்பேட்டைல பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு: சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச மேஸ்திரி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா காலத்து வீடு, தேக்கு சட்டம் மேல செங்கல்ல குத்தா நிக்க வெச்சு சுண்ணாம்புல கட்டுன மெட்ராஸ் டெரஸ், மே மாசத்துலயும் உள்ள ஜில்லுன்னு இருக்கும். போன மழைல ரெண்டு இடத்துல ஒழுகுது, ரெண்டு சட்டம் ஓரத்துல உளுத்துப்போச்சு. பாக்க வந்த மேஸ்திரி எல்லாம் இடிச்சுட்டு கான்கிரீட் போட்ருங்கன்றாங்க. எனக்கு மனசே வரல. கடல் பக்கம்ன்றதால உப்புக்காத்துல கம்பி துருப்புடிச்சு சிலாப் பேத்துக்கினு விழுறத எங்க தெருவுலயே பாக்குறேன், அதுவும் இல்லாம சிமென்ட் தயாரிக்கறப்ப எவ்ளோ கார்பன் வெளிய வருது, நல்லா இருக்கற செங்கல்ல ஏன் குப்பைல கொட்டணும்?

கடுக்கா, வெல்லம் ஊறவெச்ச தண்ணி ஊத்தி செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு கட்டையால தட்டி தளம் போடறவங்க ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் யாராச்சும் இருக்காங்களா? பழைய தேக்கு சட்டம் எங்க கெடைக்கும்? உளுத்த சட்டத்த மட்டும் மாத்த முடியுமா, மொத்த தளத்தையும் பிரிக்கணுமா? மாடில ஒரு ரூம் எழுப்பணும்னு தம்பி கேக்குறான், வெறும் சுண்ணாம்பு செவுரு தாங்குமான்னு பயமா இருக்கு, ஃப்ளை ஆஷ் (நிலக்கரி சாம்பல்) கல்லு வெச்சு ராட் ட்ராப் (rat trap) முறைல, அதாவது கல்ல குத்தா நிக்க வெச்சு செவுரு நடுவுல காலி எடம் விட்டு கட்டுனா கல்லு கம்மியாகும்ன்றாங்க, கட்டுனவங்க சொல்லுங்க அண்ணா, அக்கா. மழைக்கு முன்னாடி முடிக்கணும்.