பின்சக்கரத்தில் ஓடிய தேள்: அபார்த் 124 ராலியை நேரில் பார்த்தவர்கள் வாங்க

பனிச்சாலை எழுதியது:

2017 ஜனவரி. மான்டே கார்லோ ராலி தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, பிரான்ஸில் காப் நகரத்துக்குப் பக்கத்து மலைச்சாலையில் ஷேக்டவுன், அதாவது ராலிக்கு முந்தைய சோதனை ஓட்டம், பார்க்கப் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால் ஃபியட்டின் பந்தயக் கிளையான, தேள் சின்னம் போட்ட அபார்த்துக்காகப் போகவில்லை. அந்த வருடம் டொயோட்டா யாரிஸோடு திரும்பி வருகிறது, 1999க்குப் பிறகு முதல் முறை. சிட்ரோயன் புது சி3 கொண்டு வருகிறது. ராலி வண்டிகளின் விதிகளே மாறி, 380 குதிரைத்திறன், அகலமான இறக்கைகள் என்று எல்லாமே புதுசு. அதற்காக விடியற்காலையில் எழுந்து, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே மண்மேட்டில் இடம் பிடித்தேன்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். கையில் பழைய ஸ்டாப்வாட்ச், மடியில் நோட்டு. கீழே ஒரு மைல்கல்லில் வண்டி தெரிந்ததும் அழுத்துவார், எங்கள் வளைவைத் தாண்டியதும் அழுத்துவார், எழுதிக்கொள்வார். ஒவ்வொரு வண்டிக்கும் இதே வேலை. பேச்சே கிடையாது.

பெரிய வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரிதான் திரும்பின. பிரேக், ஒரு வெட்டு, நான்கு சக்கரமும் தரையைக் கவ்வி இழுக்க, போயே போச்சு. அசந்துபோய்ப் பார்க்கலாம், ஆனால் பத்தாவது வண்டிக்கு மேல் கண் பழகிவிடும்.

கொஞ்ச நேரம் இடைவெளி. அப்புறம் கீழே மரங்களுக்குள்ளிருந்து வேறு மாதிரி ஒரு சத்தம். தொண்டை கட்டிய மாதிரி கரகரப்பு, காலை எடுக்கும்போதெல்லாம் பட் பட் என்று வெடிப்பு. வெள்ளை உடம்பு, கறுப்பு பானட், இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு வண்டி வந்தது, அபார்த் 124. மூக்கை உள்ளே விட்டான், ஹேண்ட்பிரேக்கை இழுத்தான், பின்பக்கம் சுற்றி வந்தது. இதுவரை சரி. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. வண்டி உடனே கிளம்பவில்லை. பின்சக்கரம் ஈரச் சாலையில் சுழல்கிறது, வால் இடது பக்கம் போகிறது, ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் திரும்புகிறது, வால் வலது பக்கம் வருகிறது, மறுபடி இடது. மூன்றாவது ஆட்டத்தில்தான் பிடி கிடைத்து நேராக ஏறியது.

திரும்பிப் பார்த்தால் பெரியவரின் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்த மறந்துவிட்டார். அந்த வண்டிக்கு எதிரே நோட்டில் வெறும் கோடு.

நேரத்தில் அது பெரிய வண்டிகளுக்கு வெகு தூரம் பின்னால்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 1.8 லிட்டர் டர்போ, 300 குதிரைத்திறன், அத்தனையும் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும். ஆனாலும் அந்த நாளில் எனக்கு மனதில் நிற்பது அதுதான். உங்களில் யாராவது இதைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டியவர், உட்கார்ந்தவர், துடைத்தவர், யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

பழைய வண்டிக்காரன் எழுதியது:

நல்ல தொடக்கம் தம்பி. அந்தக் கறுப்பு பானட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது அழகுக்காக வந்ததில்லை. 1970களில் ஓடிய 124 அபார்த்துக்கும் அப்படித்தான், வெயில் பட்டு ஓட்டுநர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்று மங்கலான கறுப்பு அடித்தார்கள். புது வண்டியில் அதையே குடும்பச் சின்னம் மாதிரி எடுத்து ஒட்டிக்கொண்டார்கள்.

பழைய 124ஐ நான் பழம்வண்டி ராலிகளில் நிறைய தடவை பார்த்திருக்கிறேன். 1756 சிசி இன்ஜின், அலுமினியக் கதவு, மேலே திறக்கும் துணிக்கூரையை எடுத்துவிட்டுக் கெட்டிக் கூரை. பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், அந்தக் காலத்து ஃபியட்டில் அது பெரிய விஷயம். 1971இல் ஃபியட் அபார்த்தை வாங்கியது, 1972இல் இந்த வண்டி வந்துவிட்டது. அதே வருடம் ரஃபாயலே பின்டோ ஐரோப்பிய சாம்பியன். 1975இல் மௌரிசியோ வெரினி. 1974 போர்ச்சுகல் ராலியில் முதல் மூன்று இடமும் 124தான்.

ஆனால் உலக சாம்பியன்ஷிப்? அங்கேதான் பாவம். 1973இல் பிரான்ஸின் ஆல்பைனுக்குப் பின்னால் இரண்டாமிடம். 1974இல் லான்சியாவுக்குப் பின்னால் இரண்டாமிடம். 1975இலும் லான்சியா, இதுவும் இரண்டாமிடம். லான்சியாவும் அப்போது ஃபியட் கையில்தான் இருந்தது என்பதால் சொந்த அண்ணனிடம் தோற்ற கதை. அதற்குப் பிறகு ஃபியட்டின் இன்னொரு வண்டியான 131 வந்து 1977, 1978, 1980 என்று பட்டங்களை அள்ளியது, 124ஐ எல்லோரும் மறந்தார்கள். அதனால்தான் 2016இல் ஜெனீவா கண்காட்சியில் புது 124 ராலியை நிறுத்தியபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. ஜெயித்த 131ஐ விட்டுவிட்டு, மூன்று தடவை இரண்டாவது வந்தவனைத் திரும்ப அழைக்கிறார்கள்! நல்ல மனசு.

மூன்றாம் கியர் எழுதியது:

அண்ணே, எல்லாம் சரி, அடியில் இருப்பது மஸ்டாதானே? ஹிரோஷிமாவில் எம்எக்ஸ்-5ஓடு ஒரே தொழிற்சாலையில் பிறந்தது. இதில் இத்தாலி ரத்தம் எங்கே வந்தது?

பழைய வண்டிக்காரன் எழுதியது:

இன்ஜினில் வந்தது தம்பி. மஸ்டா நல்ல எலும்புக்கூடு கொடுத்தது, அதில் எனக்கு வெட்கமில்லை. முன்னே இன்ஜின், பின்னே இயக்கம், எடை குறைவு. ராலிக்கு அதுதான் வேண்டும்.

நோட்டு வாசிப்பவள் எழுதியது:

நான் உட்கார்ந்திருக்கிறேன். இத்தாலியில் ஒரு தனியார் குழுவின் சோதனை ஓட்டம், மூடிய சாலை, ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுக் குறிப்பு நோட்டை வாசிக்கும் அவர்களுடைய கோ-டிரைவருக்குக் காய்ச்சல், நான் கூப்பிடு தூரத்தில் இருந்தேன். அவ்வளவுதான் என் தகுதி.

முதலில் ஏறுவதே ஒரு வித்தை. கூண்டுக் கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டு, தலையைக் குனிந்து, கடைசியில் இடுப்பு தானாக விழும். கோ-டிரைவர் இருக்கை தரையோடு தரையாக இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் டாஷ்போர்டும் வானமும்தான், சாலை தெரியாது. இது எல்லா ராலி வண்டியிலும் உண்டு. நாங்கள் சாலையைக் கண்ணால் பார்ப்பதில்லை, இடுப்பால் பார்க்கிறோம். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தது, எங்கே அமுங்கியது என்பதை வைத்துத்தான் நோட்டில் எந்த வரியில் இருக்கிறோம் என்று தெரியும்.

இந்த வண்டியில் அந்த இடுப்பே குழம்பிவிட்டது. நீளமான பானட், நாங்கள் இருவரும் கிட்டத்தட்ட பின் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறோம். நான்கு சக்கர இயக்க வண்டியில் திருப்பம் முன்னாலிருந்து வரும். இதில் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் நாற்காலியோடு யாரோ தூக்கிப் பக்கத்தில் வைத்த மாதிரி. முதல் ஓட்டத்தில் இரண்டு தடவை வளைவு முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த வரிக்குப் போனேன். முடியவில்லை, வால்தான் ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஓட்டத்தில் தாளம் பிடிபட்டது. இதில் பிரேக் சீக்கிரம் போடுகிறார்கள், அதனால் வாசிப்பும் அரை மூச்சு முன்னதாக வேண்டும். ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது பிடி கிடைக்கச் சற்று நேரமாகும், அங்கே மூச்சு விட்டுக்கொள்ளலாம். பெரிய வண்டிகளில் அந்த மூச்சே கிடையாது.

அப்புறம் சூடு. கியர்பாக்ஸின் கீச்சொலி ஹெல்மெட்டுக்குள்ளேயே ஒலிக்கும், ஒவ்வொரு கியருக்கும் முதுகில் ஒரு இடி, கால் பக்கம் அடுப்பு. மூன்றாவது ஓட்டத்தில் கையுறை நனைந்து நோட்டின் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டது. புரட்டினேன், ஒரு பக்கம் தாண்டிவிட்டது. "வலது ஐந்து, நீளம்" என்று நான் கத்துகிறேன் (எண் வளைவின் கூர்மையைச் சொல்வது), ஓட்டுநர் காலை எடுத்துவிட்டார். எதிரே இடது மூன்று. ஏற்கனவே இரண்டு ஓட்டம் பார்த்த சாலை என்பதால் அவருக்கு நினைவிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. முடித்து வண்டியை நிறுத்தியதும் என் நோட்டை வாங்கி, ஒட்டிய பக்கத்தை நகத்தால் பிரித்து, ஓரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து எந்த வண்டியானாலும் ஒவ்வொரு பக்கத்தின் மூலையையும் மடித்துவைத்துத்தான் ஏறுகிறேன்.

மூன்றாம் கியர் எழுதியது:

அக்கா, படிக்கும்போதே எனக்கு வியர்க்கிறது. ஆனால் என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. இவர்கள் திரும்பி வந்து எதை ஜெயித்தார்கள்? மொத்த வெற்றிக்கு வாய்ப்பே இல்லாத வகுப்பில் ஓடுவதற்கு எதற்கு இவ்வளவு பெருமை? சாலை வண்டி விற்க ஒரு விளம்பரம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பனிச்சாலை எழுதியது:

விளம்பரம் இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஜெயிக்கவே இல்லை என்பது சரியில்லை நண்பரே. ஆர்-ஜிடி என்ற வகுப்பு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கானது, அதற்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் கோப்பை 2015இல் தொடங்கியது. முதல் மூன்று வருடமும் போர்ஷே 911தான். முதலில் ஃபிரான்சுவா டெலகூர், அடுத்த இரண்டும் ரொமேன் டுமாஸ். 2018இல் ரஃபாயல் அஸ்டியே அபார்த் 124இல் அதை வாங்கினார், 2019இல் என்ரிகோ பிராட்சோலி, அதுவும் 124. 3.8, 4 லிட்டர் போர்ஷேக்களின் வகுப்பில் 1.8 லிட்டர் வண்டி ஜெயித்தது சும்மா இல்லை.

இன்னொரு விஷயம். 2017 மான்டேயில் 124 ஓட்டியவர்களில் அதே டெலகூரும் ஒருவர். 1994இல் ஃபோர்டு எஸ்கார்ட்டில் மான்டேயை ஜெயித்தவர். அந்த மனிதருக்கு விளம்பரம் மட்டும்தான் காரணம் என்றால் அந்தக் குளிரில் அந்தச் சாலைக்கு வந்திருப்பாரா?

பழைய வண்டிக்காரன் எழுதியது:

காசு கொடுத்தால் நானும் வருவேன். ஆனால் டெலகூர் மாதிரி திருப்பமாட்டேன்.

ஆரஞ்சு ஜாக்கெட் எழுதியது:

ராலிகளில் மார்ஷலாக, அதாவது சாலையோரப் பாதுகாப்புக்கு, நிற்பவன் நான். 2019 ஜூலை, ரோமா கேபிடாலே ராலி. ரோமில் தொடங்கினாலும் வண்டிகளைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் பார்க் ஃபியூஜியில், நேரம் கணக்கிடும் ஸ்டேஜ்கள் சுற்றியுள்ள மலையில். அந்த வருடம் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்குள்ளேயே அபார்த்துக்கு ஒரு தனிக் கோப்பை வைத்திருந்தார்கள், ஆண்ட்ரியா நுசிட்டா ஜெயித்த வருடம் அது.

பார்வையாளர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். தார்ச்சாலை ராலியில் முன்னே போகிறவனுக்குத்தான் சுத்தமான சாலை. முன்னே போகும் நான்கு சக்கர இயக்க ஆர்5 வண்டிகள் உள்வளைவை வெட்டி, ஓரத்து மண்ணையும் ஜல்லியையும் இழுத்துச் சாலை நடுவில் போட்டுவிட்டுப் போய்விடும். பின்னால் வருகிற அபார்த்துக்கு நாங்கள் தருவது கிட்டத்தட்ட ஒரு ஜல்லிச்சாலை. அதுவும் பின்சக்கர இயக்கம், அடியில் தார்ச்சாலை டயர். எங்கள் வளைவில் மட்டும் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிவிடலாமா என்று தோன்றும். அதற்கு அனுமதி இல்லை.

என் இடம் ஒரு இடது கொண்டை ஊசி, வெளிப்பக்கம் பழைய கல்சுவர். மதியம் ஒரு அபார்த் வந்தது. பிரேக் போட்ட இடமே கொஞ்சம் தாமதம், பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. விசிலை வாயில் வைத்தேன். வால் சுற்றியது, ஜல்லியில் ஏறியதும் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. முழு அரைவட்டம் போட்டு, வந்த பக்கமே பார்த்து நின்றது. பின் பம்பர் சுவரில் இடித்த சத்தம் வந்தது, தேங்காய் உடைத்த மாதிரி.

அமைதி. இன்ஜின் அணைந்துவிட்டது. உள்ளே இரண்டு ஹெல்மெட்டும் அசையவில்லை. நான் மஞ்சள் கொடியைத் தூக்கினேன், என் கூட்டாளி ரேடியோவில் பேச ஆரம்பித்தான். அதற்குள் இன்ஜின் பிடித்தது, ரிவர்ஸ், ஒரு இழுப்பு, இன்னொரு ரிவர்ஸ். சின்ன வண்டியின் லாபம் அங்கேதான். அந்தச் சாலை அகலத்தில் வேறு எதுவும் அவ்வளவு சீக்கிரம் திரும்பியிருக்காது. புகை, எரிந்த ரப்பர் நாற்றம், போய்விட்டார்கள். பதினைந்து நொடிகூட ஆகியிருக்காது. சாலையில் கைநீள வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று மட்டும் கிடந்தது. அடுத்த வண்டி வருவதற்குள் ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

மூன்றாம் கியர் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன், இந்த வகுப்பை இனிமேல் பார்க்கிறேன். இப்போதும் 124 ஓடுகிறதா?

பனிச்சாலை எழுதியது:

124 சாலை வண்டியின் தயாரிப்பு நின்றுபோய் ஆண்டுகள் ஆகிவிட்டன. அதே எண்ணத்தில் ஆல்பைன் ஏ110இன் ராலி வண்டி 2019இல் வந்தது. அதுவும் 1.8 டர்போ, அதுவும் பின்சக்கரம், ஆனால் இன்ஜின் நடுவில். 2021 ஆர்-ஜிடி கோப்பை பியர் ராக் கைக்குப் போனது அதில்தான். 1973 கதையே திரும்பவும், இத்தாலிக்காரன் இடத்தில் பிரெஞ்சுக்காரன். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆல்பைன் ஒழுங்காகத் திரும்புகிறது. எனக்கு ஒழுங்கில்லாததுதான் பிடிக்கிறது.

முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு: வளைவின் வெளிப்பக்கம் வேண்டவே வேண்டாம், உள்பக்கம் உயரமான இடத்தில் நில்லுங்கள். மார்ஷல் சொன்னால் மறுபேச்சு பேசாமல் நகருங்கள்.

நோட்டு வாசிப்பவள் எழுதியது:

மார்ஷல் சார், அந்தப் பிளாஸ்டிக் துண்டு உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் ஒரு படம் போடுங்களேன்.

ஆரஞ்சு ஜாக்கெட் எழுதியது:

இல்லைம்மா. அன்று சாயங்காலம் ஃபியூஜியில் சர்வீஸ் பார்க்குக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். துண்டைக் காட்டினேன். வெளியே வந்து, அதை வாங்கி பம்பர் ஓட்டையில் வைத்துப் பார்த்தார், அச்சாகப் பொருந்தியது. வெள்ளை டேப் சுருளைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டினார். பிடித்துக்கொள் என்று எனக்குச் சைகை காட்டினார், பிடித்துக்கொண்டேன்.